கண்ணில் விளக்கெண்ணெய்... வயிற்றில் கேப்ஸ்யூல்!

எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரின் மேஜை டிராயரைத் திறந்தால் ஃபைல் இருக்காது. மூன்று பாட்டில்கள் இருக்கும். ஒன்றில் ஆளி விதை எண்ணெய். இன்னொன்றில் ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய். மூன்றாவதில் ஸீ பக்தார்ன் என்று லடாக் பக்கம் விளைகிற ஒரு பழத்தின் எண்ணெய். எல்லாமே தங்கக் கலரில் பளபளக்கும் கேப்ஸ்யூல்கள்.

"எதுக்கு ஸார் இத்தனை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தோல் வறண்டு போவுது. கண்ணு எரியுது. ஏ.ஸி.யில உக்கார்ந்து உக்கார்ந்து அப்பளமா ஆயிட்டேன். அப்பளத்துக்கு எண்ணெயை விட்டா வேற கதி ஏது ஸார்?"

நியாயமாகத்தான் பட்டது. அப்பளத்தை நாம் எண்ணெயில் போடுகிறோமே தவிர, அப்பளத்துக்கு எண்ணெயைக் குடிக்கக் கொடுப்பதில்லை என்கிற வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காரணம், நானும் அதே கேஸ்தான். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். (பள்ளிக்கூட நாட்களில் அதில் இனிஷியலோடு பெயர் எழுதியிருக்கிறோம்!) சாயங்காலம் நாலு மணி ஆனால் கண்ணுக்குள் யாரோ ஆற்று மணல் இறக்கின மாதிரி உறுத்தல். எண்ணூறு ரூபாய்ச் சொச்சம் கொடுத்து நானும் ஒரு பாட்டில் வாங்கினேன். இரண்டு மாதம் விழுங்கினேன். கண்ணும் காலும் அப்படியே இருந்தன. பர்ஸ் மட்டும் நன்றாக வறண்டது.

அப்புறம்தான் புத்தி வந்து விசாரிக்க ஆரம்பித்தேன்.

எலி வாலில் ஆரம்பித்த கதை

தோலுக்கு எண்ணெய் உள்ளேயிருந்து தேவை என்பது புருடா இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்று கணவன் மனைவி இருவர். 1929-ல் அவர்கள் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். மற்ற எல்லாச் சத்தும் உண்டு. எண்ணெய் மட்டும் சொட்டுக்கூடக் கிடையாது. கொஞ்ச நாளில் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது. குடித்த தண்ணீர் தோல் வழியாகவே ஆவியாகிப் போனது. எலிகள் இளைத்துத் துரும்பாகின. சில வகை எண்ணெய்களைக் கொஞ்சம் கொடுத்ததும் தேறின.

அந்த எண்ணெய்களில் இருந்த சமாசாரத்தின் பெயர் லினோலெயிக் அமிலம். நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், செங்கற்களுக்கு நடுவே பூசியிருக்கும் கலவையில் இதுவும் ஒரு சரக்கு. கலவை உதிர்ந்தால் சுவர் கசியும். உடம்பு இதைத் தானாகத் தயாரிக்காது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

'அப்ப நண்பர் சொன்னது சரிதானே?' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்த எலிகளுக்கு எண்ணெயே கிடையாது. நமக்கு?

நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இந்த லினோலெயிக் அமிலம்தான். சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பாலும் அதைவிட அதிகம். கடலை எண்ணெயிலும் கணிசமாக உண்டு. (தேங்காயெண்ணெயில் மட்டும் ரொம்பக் குறைச்சல்.) இட்லிக்கு மிளகாய்ப் பொடி போட்டு, நடுவில் குழி பறித்து, ஒரு பெரிய ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றுகிறீர்களே... அதில் ஐந்து கிராமுக்குக் குறையாமல் லினோலெயிக் அமிலம் இருக்கிறது. அரை கிராம் கேப்ஸ்யூல் மூன்றை விழுங்கினால் வயிற்றுக்குள் போகும் மொத்த எண்ணெயே ஒன்றரை கிராம்தான்!

டாங்க் வழிய வழியப் பெட்ரோல் இருக்கும் பைக்குக்கு, இங்க் ஃபில்லரால் இன்னும் நாலு சொட்டு விடுவது போலத்தான் இது.

வயிற்றுக்குள் ஒரு விண்ணப்பம்

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேப்ஸ்யூலில் 'கண்ணுக்கு' என்று எழுதியிருப்பது வயிற்றுக்குத் தெரியாது.

விழுங்கின எண்ணெய் நேராகக் கண்ணுக்கு ஆட்டோ பிடித்துப் போவதில்லை. குடலில் பித்தநீர் அதைக் கரைக்கும். கணைய நீர் துண்டு துண்டாக வெட்டும். குடல் சுவர் உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஒட்டவைத்துப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் விடும். அப்புறம் தாசில்தார் ஆபீஸ் விண்ணப்பம் மாதிரிதான். எந்த மேஜைக்கு எப்போது போகும் என்று விண்ணப்பதாரர் நிர்ணயிக்க முடியாது. பெரும் பகுதி எரிபொருளாகச் செலவாகும். மிச்சத்தில் முதல் மரியாதை தொப்பைக்கு. கண்ணுக்கும் தோலுக்கும் போய்ச் சேருவது கடைசிப் பந்தி.

ஆளி விதைக்குக் கூடுதலாக ஒரு சோதனை. அதில் இருப்பது செடி வகை ஒமேகா-3. மீனில் இருக்கும் வகையாக அதை உடம்பு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றும் வேலையில் நம் உடம்பு படு சோம்பேறி. உள்ளே போவதில் மிகச் சிறு பங்குதான் மாறி வெளியே வரும்.

சைவ நண்பர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஆளி விதை எண்ணெய் சைவம்தான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற உறை பல பாட்டில்களில் ஜெலட்டின். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. லேபிளைப் பாருங்கள். (இந்த விஷயத்தை எங்கள் வீட்டில் சொன்ன அன்றைக்கு என் பாட்டில் பூஜை அலமாரிப் பக்கத்திலிருந்து வாசல் திண்ணைக்கு நாடு கடத்தப்பட்டது.)

மாலையில் பூக்கும் பூ

ஈவினிங் ப்ரிம்ரோஸ் என்பது வட அமெரிக்காவில் சாயங்காலம் மலரும் ஒரு மஞ்சள் பூ. அதன் விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்று ஒரு அபூர்வச் சரக்கு உண்டு. 1980-களில் பிரிட்டனில் இதற்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. எக்ஸிமா என்கிற கரப்பான் நோய்க்கு 'எபோகாம்' என்ற பெயரில் கேப்ஸ்யூலாகவே டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

வேலை செய்ததற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2002-ல் பிரிட்டிஷ் அரசு அந்த லைசென்ஸைத் திரும்ப வாங்கிவிட்டது. 2013-ல் காக்ரேன் குழுவினர், இந்த எண்ணெயையும் இதன் பங்காளியான போரேஜ் எண்ணெயையும் வைத்து உலகம் முழுக்க நடந்த 27 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். அசல் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கும் சும்மா டம்மி கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கும் உருப்படியான வித்தியாசம் இல்லை என்பதுதான் தீர்ப்பு.

எல்லா எண்ணெயுமே வேஸ்ட் என்று ஒரேயடியாக அடித்துவிடவும் முடியாது. ஸீ பக்தார்னை எடுத்துக்கொள்ளுங்கள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகக்காரர்கள், கண் வறட்சி உள்ளவர்களுக்குத் தினம் இரண்டு கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். குளிர்காலம் வரவரக் கண்ணீரில் உப்புக் கெட்டிப்படுவது எல்லோருக்கும் கூடியது. எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியது. கடைசிவரை இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆளி விதை, போரேஜ் எண்ணெய்களால் தோலிலிருந்து நீர் ஆவியாவது சுமார் பத்து சதவிகிதம் குறைந்ததாக 2009-ல் வந்த ஒரு சின்ன ஆய்வும் உண்டு. ஆக, 'லேசாக உதவலாம்' என்பதுதான் இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கிற அதிகபட்ச சர்டிபிகேட்.

டம்மி செய்த வேலை

இந்தக் கதையில் ஒரு சூப்பர் திருப்பம் 2018-ல் வந்தது. அமெரிக்காவில் 27 மையங்களில் 535 பேர். எல்லோருக்கும் நாள்பட்ட கண் வறட்சி. ஒரு கோஷ்டிக்குத் தினம் மூன்று கிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3. இன்னொரு கோஷ்டிக்கு டம்மி. ஒரு வருஷம் முழுக்க. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.

வருஷக் கடைசியில் மீன் எண்ணெய் கோஷ்டியில் நூற்றுக்கு 61 பேர், 'எரிச்சல் நன்றாகவே குறைந்திருக்கிறது' என்றார்கள். ஆஹா என்று கைதட்டப் போனால், டம்மி கோஷ்டியிலும் 54 பேர் அதையே சொன்னார்கள்! இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்று கணக்குப் பிள்ளைகள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த டம்மி என்ன தெரியுமா? ஆலிவ் எண்ணெய்!

'அப்படின்னா ஆலிவ் எண்ணெய் வேலை செஞ்சிருக்கு' என்று உடனே ஒரு பாட்டிலுக்கு ஆர்டர் போடாதீர்கள். மனிதன் கண் ரொம்ப எரிகிற நாளில்தான் டாக்டரிடம் போகிறான். ரொம்ப எரிந்தது எதுவும் கொஞ்ச நாளில் தானாகவே ஓரளவு தணியும். கூடவே, 'மருந்து சாப்பிடுறோம்' என்கிற தெம்பு. நம் ஆபீஸ் நண்பர்கள் 'எனக்கு நல்லா கேட்டுது ஸார்' என்று சத்தியம் செய்வதன் ரகசியமும் அநேகமாக இதுதான்.

இமைக்குள் ஒரு செக்கு

கடவுள் நமக்கு ஏற்கெனவே ஒரு எண்ணெய்ச் செக்கைக் கொடுத்திருக்கிறார். அதுவும் கண்ணுக்கு வெகு பக்கத்தில்!

கீழிமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். ரோமத்துக்குப் பின்னால் விளிம்பில் வரிசையாகப் பொடிப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ச் சுரப்பியின் வாய். ஒவ்வொரு இமையிலும் இருபது, முப்பது இருக்கும். 1666-ல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மன் டாக்டர் மெய்போம் பெயரால் மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இவை துளியூண்டு எண்ணெயைப் பிதுக்கிக் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாக விரிக்கின்றன. ரசத்தின் மேல் நெய் மிதக்கிற மாதிரி. அந்தப் படலம் இருந்தால் கண்ணீர் சட்டென்று ஆவியாகாது.

சிமிட்டினால்தான் செக்கு ஓடும். நாம் சிமிட்டுகிறோமா? 1993-ல் ஜப்பானிய டாக்டர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சராசரி 22 தடவை. புத்தகம் படித்தால் 10. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் வெறும் 7! அந்த நாளில் கம்ப்யூட்டரோடு போயிற்று. இப்போது வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் கையில் ஒரு திரை.

செக்கு ஓடாவிட்டால் எண்ணெய் உள்ளேயே கெட்டிப்படும், மார்கழி மாசத்துத் தேங்காயெண்ணெய் பாட்டில் மாதிரி. உறைந்த பாட்டிலை அம்மா என்ன செய்வாள்? வெந்நீரில் வைப்பாள். இங்கேயும் அதே வைத்தியம்தான். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடின இமைகள் மேல் ஐந்து, பத்து நிமிஷம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பிறகு சுத்தமான விரலால் இமையை ரோமம் பக்கமாக லேசாக நீவி விடுங்கள். டாக்டர்கள் முதலில் சொல்லும் சிகிச்சையே இதுதான். செலவு, கொஞ்சம் வெந்நீர்.

கூடவே, ஏ.ஸி. காற்று முகத்தில் நேராக அடிக்கிற சீட்டை யாரிடமாவது தந்திரமாகத் தள்ளிவிடுங்கள். திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்; கண் அகல விழிக்காது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது விநாடி, இருபது அடி தள்ளி எதையாவது பாருங்கள். (எதை என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்துப் பாருங்கள்!)

'எனக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது, அது எப்படி வறட்சி?' என்று கேட்பவர்களும் உண்டு. படலம் கிழிந்து கண் உறுத்தும்போது, தீயணைப்பு வண்டி மாதிரி அவசரத்துக்கு ஓடிவரும் தண்ணீர் அது. அதில் எண்ணெய்ப் பசை போதாது. வந்த வேகத்தில் வழிந்துவிடும்.

பூசத்தான் எண்ணெய்!

தோல் விஷயத்தில் பாட்டி ஜெயிக்கிறாள். எண்ணெயை உள்ளே அனுப்பி அது சுற்றி வரும் வரை காத்திருப்பதைவிட, வெளியிலிருந்தே பூசிவிடுவது புத்திசாலித்தனம்.

பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ள 34 பேரை வைத்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. சிலருக்குத் தேங்காயெண்ணெய், சிலருக்கு மினரல் ஆயில். இரண்டு வாரத்தில் இரண்டு கோஷ்டிக்குமே தோலின் ஈரப்பசை ஏறியது. பங்களாதேஷின் டாக்காவில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் உடம்பில் சூரியகாந்தி எண்ணெய் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்கள் சுமார் நாற்பது சதவிகிதம் குறைந்ததாக 2005-ல் 'லான்ஸெட்' இதழில் வந்தது. தோல் என்கிற சுவர் உயிரைக் காக்கும் சுவர்!

குளித்ததும் தேய்த்துத் துடைக்காமல் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கை காலில் தேங்காயெண்ணெயோ, வாசனை இல்லாத மாய்ஸ்சரைஸரோ தடவுங்கள். ஈரம் உள்ளே பூட்டிக்கொள்ளும். கொதிக்கிற வெந்நீரும், நுரை தள்ளும் சோப்பும் கொஞ்சம் குறையட்டும். ஆலிவ் எண்ணெய் சாலட்டோடு நிற்கட்டும். அது தோலின் கலவையையே கலைக்கிறது என்று 2013-ல் பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள்.

எண்ணெயைக் கண்ணுக்குள் மட்டும் விடாதீர்கள். 'தாத்தா தினம் ராத்திரி ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுப்பார்' என்பது எல்லா வீட்டிலும் ஓடும் வசனம். வேடிக்கை என்னவென்றால், கண் வறட்சிக்காக 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தில், மருந்தைக் கரைத்து வைத்திருப்பதே விளக்கெண்ணெய்தான்! திட்டுவதற்கு மட்டுமே நாம் பயன்படுத்துகிற பெயருக்கு இப்படி ஒரு கௌரவம். ஆனால் அது கிருமி நீக்கி, பொடிப்பொடித் துளிகளாக உடைத்துச் செய்த சமாசாரம். மளிகைக் கடை பாட்டில் அப்படியல்ல. கிருமியோடு உள்ளே போனால் கருவிழியில் புண்ணே வரலாம்.

டிராயர் காலியான கதை

இனி, நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்த நிஜக் காரணம்.

கேப்ஸ்யூல் சாப்பிட்ட எட்டு மாதத்தில் பக்கத்து சீட் நண்பர் ஐந்து கிலோ இளைத்தார். "ஸ்லிம் ஆயிட்டீங்க ஸார்! எல்லாம் அந்த எண்ணெய்தான்" என்று நாங்கள் எல்லோரும் கை குலுக்கினோம். நானும் குலுக்கினேன். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார். 'தோலுக்கு நல்லது' என்றார். அடிக்கடி எழுந்து போனார். 'தண்ணி குடிக்கிறேன்ல' என்றார். திரையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தபோது, நாலாவதாக ஒரு பாட்டில் வாங்கினார்.

கடைசியில் கண்ணாடி மாற்றப் போனவரைக் கண் டாக்டர் உட்காரவைத்து, சொட்டு விட்டு, உள்ளே பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுகர் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

பார்த்ததே இல்லை. வயசு முப்பத்தாறுதானே! அன்றைக்கு வெறும் வயிற்றில் 246. விழித்திரையில் பொடிப்பொடியாக ரத்தப் பொட்டுகள்.

எண்ணெய் அவருக்குச் சர்க்கரையைக் கொடுக்கவில்லை. அது சில வருஷங்களாகவே உள்ளே குடியிருந்திருக்க வேண்டும். எண்ணெய் செய்த தப்பு ஒன்றுதான். 'ஏதோ வைத்தியம் நடந்துகிட்டிருக்கு' என்று எட்டு மாதம் அவரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தது.

ஆகவே, வறட்சியோடு தாகம், இளைப்பு, அடிக்கடி சிறுநீர் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் அது வேறு வியாதியாக இருக்கலாம். மாலைக்கண், கண்ணில் வலி, வெளிச்சம் கூசுவது, பார்வை குறைவது... இதற்கெல்லாம் கேப்ஸ்யூல் கணக்கே கிடையாது, நேரே டாக்டர்தான். முகப்பருவுக்கு ஐஸோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் இளைஞர்களுக்கு உதடும் தோலும் கண்ணும் வறளும். சில அலர்ஜி மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அவரைக் கேட்காமல் எந்த எண்ணெய்க் கேப்ஸ்யூலையும் தொடாதீர்கள்.

அப்படியும் ஒரு பாட்டில் வாங்கித்தான் தீருவேன் என்றால், நம் பெரியவர்கள் சொல்கிற மாதிரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லேபிளைப் படியுங்கள். ஹெல்த் சப்ளிமென்ட் எதுவானாலும் 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்று அதில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் சொல்வதைப் பின்பக்கம் பொடி எழுத்து வாபஸ் வாங்கிக்கொண்டிருக்கும்.

நண்பர் இப்போது தேவலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. 'நல்ல வேளை, நேரத்துக்கு வந்தீங்க' என்றாராம் டாக்டர். தோல் அரிப்பும் அடங்கிவிட்டது.

போன வாரம் ஒரு பேனா தேடி அவர் டிராயரைத் திறந்தேன். சுகர் மாத்திரை ஒரு அட்டை, சுகர் பார்க்கும் மெஷின், சின்னதாக ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில்.

ஃபைலுக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை!